அலகு கோணிய குஞ்சும் கால் விலகிய விடையும்: எதுவரை வளர்ப்பது?

குடமுருட்டிக் கரை

வணக்கம். பாபநாசம் பக்கத்துக் கிராமம். வீட்டைச் சுற்றி மேயும் சிறுவிடை வகை நாட்டுக்கோழிகள்தான் வைத்திருக்கிறோம், வியாபாரத்துக்கு இல்லை. இரண்டு உருப்படிகளைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதலாவது ஒரு மாதக் குஞ்சு. பொரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. வளர வளர மேலலகு இடப்பக்கம் சாய்ந்து, இப்போது இரண்டு அலகும் குறுக்காக நிற்கின்றன. குருணையைக் கொத்துகிறது, வாயில் நிற்பதில்லை. மற்றக் குஞ்சுகளில் பாதி எடைகூட இருக்காது. ஆனால் சுறுசுறுப்பு குறையவில்லை, தாய்க்கோழி பின்னாலேயே ஓடுகிறது.

இரண்டாவது, வண்டியில் விற்க வந்தவரிடம் வாங்கிய விடை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, முட்டி வீங்கியிருக்கிறது. இடது காலும் இப்போது அதே மாதிரி போகத் தொடங்கிவிட்டது. இறக்கையை ஊன்றித்தான் நகர்கிறது.

"ரெண்டையும் முடிச்சுடு, பார்க்கவே பாவமா இருக்கு" என்கிறார் என் மாமியார். மகளோ குஞ்சைக் கீழே விட மறுக்கிறாள். குறுவை நடவு நடக்கிறது, விடிந்தால் நான் வயலுக்குப் போக வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திடல்வீடு

அக்கா, முதலில் இரண்டையும் ஒரே வழக்காகப் பார்க்காதீர்கள். குஞ்சுக்கு இருப்பது வடிவக் கோளாறு. விடைக்கு இருப்பது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வலி.

கோணல் அலகுக் கோழிகள் எங்கள் வீட்டில் வளர்ந்திருக்கின்றன. ஒன்று முட்டையிட்டுக் கொண்டு வருடக்கணக்கில் இருந்தது. கொத்தி எடுப்பது அதனால் முடியாது, அள்ளி விழுங்குவது முடியும். அதனால் தரையில் இறைக்காதீர்கள். தீவனத்தை மாவாக அரைத்துத் தண்ணீரோ மோரோ விட்டுக் களிப்பதத்தில் குழைத்து, ஆழமான பாத்திரத்தில் வையுங்கள். குஞ்சுக்குக் கொட்டாங்கச்சியே போதும், கவிழாமல் மணலில் பதித்துவிடுங்கள். பாத்திரத்தின் வாய் அதன் முதுகு உயரத்துக்கு இருந்தால் இன்னும் சுலபம். தண்ணீரும் அப்படித்தான், தட்டையான தட்டு கூடாது, அலகு முழுக்க முங்க வேண்டும்.

மற்றக் கோழிகள் இந்தக் குழைத்த தீவனத்தைத்தான் முதலில் வந்து காலி செய்யும். அதனால் வேளைக்குக் கொஞ்ச நேரம் பஞ்சாரத்துக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) தனியாக விட்டுத் தின்னக் கொடுங்கள். பஞ்சாரம் என்றால் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே தின்னும், பயப்படாது. வயலுக்குப் போகும் முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை, நடுவில் மகளோ மாமியாரோ ஒரு முறை. நடவு முடியும்வரை இப்படி ஓட்டலாம்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. அலகு சேராத கோழியால் இறகு கோத முடியாது. பேனும் செள்ளும் அதைத்தான் முதலில் பிடிக்கும். இறகைப் பிரித்து, முக்கியமாகக் குதத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் வாரம் ஒரு முறை பாருங்கள். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டு வைத்தால் புரண்டுகொள்ளும்.

அலகு நுனி தேயாமல் நீண்டுகொண்டே போகும். நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே ரத்த ஓட்டம் எங்கே முடிகிறது என்று தெரியும், அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வெட்டரிவாள், பிளேடு எதுவும் வேண்டாம்.

மேலத்தெரு கோழிக்காரர்

எனக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. நல்ல ஆரோக்கியமான சேவலை விருந்தாளி வந்தால் அறுக்கிறோம், அப்போது யாரும் பாவ புண்ணியம் கேட்பதில்லை. நடக்க முடியாத கோழிக்கு மட்டும் எதற்கு இவ்வளவு யோசனை? விடையை அறுத்துக் குழம்பு வையுங்கள். குஞ்சில் கறியே இருக்காது, அது பிழைத்தால் பிழைக்கட்டும்.

உயிர்நேயம்

கறிக்கு அறுப்பவர்கள் வீட்டுப் பழக்கம் அவர்களோடு. நான் சைவம், முட்டைக்காக மட்டும் வளர்க்கிறேன். என் அனுபவம் வேறு.

அம்மை கண்டு இரண்டு கண்ணும் போன பெட்டைக்கோழி ஒன்று என்னிடம் இருக்கிறது. பார்வை போன புதிதில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது, எல்லாரும் முடித்துவிடச் சொன்னார்கள். தீவனத் தட்டையும் தண்ணீரையும் ஓர் அங்குலம்கூட மாற்றாமல் ஒரே மூலையில் வைத்தேன். வைக்கும்போதெல்லாம் தட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். சில வாரத்தில் சத்தம் கேட்டுத் தானே நடந்து வந்தது. சாதுவான இன்னொரு கோழியைத் துணைக்கு விட்டிருக்கிறேன், அது நகரும் சத்தத்தைக் கேட்டுப் பின்னாலேயே போகிறது. கொண்டை சிவப்பாக இருக்கிறது, முட்டையும் வைக்கிறது. அன்றைக்கு அவசரப்பட்டிருந்தால் இந்த உயிர் இன்றைக்கு இல்லை. எதையும் கொல்லாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த விடைக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

அம்மா, முட்டிக்குப் பின்பக்கம் ஒரு தடித்த தசைநாண் ஓடும். அது எலும்பின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் வழுகிவிட்டால் கால் திரும்பிக்கொள்ளும், முட்டி வீங்கும். வளரும் வயதில் தீவனத்தில் மாங்கனீசு, கோலின் என்ற சத்துகள் குறைந்தால் இது வரும். வேகமாக எடை போடும் இனங்களில் அதிகம். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும், எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வண்டியில் வாங்கியது என்கிறீர்கள், கலப்பினமாகவும் இருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள், முட்டியின் பின்புறம் தட்டையாக இருந்து, பக்கத்தில் கயிறாக ஏதாவது தட்டுப்பட்டால் அதுதான். ஆரம்ப நாட்களிலேயே கண்டுபிடித்தால் தசைநாணை உள்ளே தள்ளிக் கட்டலாம். நாள் கடந்து, வீங்கி, அடுத்த காலும் போய்விட்டால் திரும்பாது. அந்த வலி கடுமையானது.

கோழி வலியைக் காட்டிக்கொடுக்காத பிறவி. கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிந்தால் கொத்து விழும், பருந்துக்கும் கீரிக்கும் முதல் இரை அதுதான். அதனால் கடைசிவரை மறைக்கும். நாய் போலக் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணை மூடி மூடித் திறக்கிறதா, தலையை உடலுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, பிடித்த தீனியைக் காட்டினாலும் அசையவில்லையா, தூக்கினால் நெஞ்செலும்பு கூராகத் தட்டுப்படுகிறதா, இதையெல்லாம்தான் பார்க்க வேண்டும். எச்சத்தை விட்டு நகர முடியாத கோழிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குதத்தைச் சுற்றி ஈரம் சேர்ந்து ஈ முட்டையிடும், புழு வைத்துவிடும். நம் பக்கத்து ஐப்பசி மழையில் அதற்கு ஒரு நாள்கூட ஆகாது.

என் கணக்கு இதுதான். தானாகத் தின்கிறதா, தானாகத் தண்ணீரிடம் போகிறதா, எச்சத்தில் கிடக்காமல் எழுகிறதா, மற்ற கோழிகளோடு இருக்க ஆசைப்படுகிறதா. நம் உதவியோடு இவை நடந்தால் ஊனம் இருந்தாலும் அது வாழ்கிறது. உதவி செய்தும் ஒவ்வொன்றாக நின்று போனால், நாம் நீட்டிப்பது வாழ்க்கையை அல்ல. உயிர்நேயம் சொன்ன கண் தெரியாத கோழி முதல் வகை. இந்த விடை இரண்டாம் வகை என்று நினைக்கிறேன், ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை ஒடித்துக் கொடுக்க வேண்டாம்.

கோழிக்காரருக்கு: காரணம் எலும்புக் கோளாறுதான், காய்ச்சலோ கழிச்சலோ இல்லை, மருந்து எதுவும் போடவில்லை என்றால் அந்தக் கறியைச் சாப்பிடுவதில் தவறில்லை. நோய் என்று சந்தேகம் இருந்தாலோ ஊசி போட்டிருந்தாலோ சாப்பிடக் கூடாது.

வடவாறு

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. பொரித்த மறுநாளே இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிறு தரையில் படக் கிடக்கும் குஞ்சு வேறு கதை, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் வழவழப்பான தரை. அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து விடுகிறோம், சிமெண்ட் தரையில் விடுகிறோம், கால் பிடிப்பில்லாமல் வழுக்கி வழுக்கி விரிந்துவிடுகிறது. பொரிப்பான் சூடு ஏறினாலும் வரும்.

ஒட்டும் பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டி, இரண்டு கணுக்காலையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் இணைத்து ஒட்ட வேண்டும், விரலிடுக்கு அளவுதான் இருக்கும். இறுக்கினால் பாதம் வீங்கும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்து மாற்றிக் கட்டுங்கள். கீழே கோணிச்சாக்கு விரியுங்கள். பொரித்த இரண்டு மூன்று நாளுக்குள் கட்டினால் ஒரு வாரத்துக்குள் நிமிர்ந்துவிடும். இரண்டு வாரம் விட்டுவிட்டால் எலும்பு இறுகிவிடும், அப்புறம் கட்டிப் பிரயோசனமில்லை.

இங்கே முடிவெடுக்கக் காலக்கெடு இருக்கிறது. முயற்சியை முதல் நாளே தொடங்குங்கள்.

தவிட்டு மூட்டை

தீவனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் டெல்டாவில் கோழிக்கு என்ன போடுகிறோம்? குருணை, மிஞ்சின சோறு, கருக்காய் நெல். குஞ்சுக்கு வெறும் குருணை. இதுதான் பாதிக் கால் கோளாறுக்குக் காரணம் என்பேன்.

1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய அரிசிச் சோற்றை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்து, நிற்க முடியாமல் போனது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. தவிட்டில் போய்விட்ட சத்துதான் காரணம் என்பது பின்னால் தெளிவானது, இன்றைக்கு அதை வைட்டமின் பி1 என்கிறோம். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல் விளையும் ஊரில் இருக்கும் நாம் தவிட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டுக் குருணையைக் கோழிக்குப் போடுகிறோம்.

விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, முட்டியை ஊன்றி நடக்கும் குஞ்சுக்குக் குறைவது பி2. அது தவிட்டில் அவ்வளவு இல்லை. முருங்கைக்கீரை, மோர், தயிர் கொடுங்கள், கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தையும் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஆரம்பத்தில் என்றால் சில நாளிலேயே விரல் விரியும். நாள்பட்டால் நரம்பு போய்விடும். அதனால் கால் கோளாறு கண்டதும் முதலில் சத்தைக் கொடுத்துப் பாருங்கள், பிறகு மற்ற பேச்சு. தவிடு புதிதாக இருக்க வேண்டும், காறல் வாடை அடித்தால் வேண்டாம்.

சம்பாக் களம்

எல்லாரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள். ஆனால் இதையெல்லாம் செய்யப் போவது யார்? வேளைக்கு வேளை களி கிண்டி, எச்சம் துடைத்து, செள்ளு பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவள் காலையில் ஆறு மணிக்கு நாற்றங்காலில் நிற்கிறாள். "கொல்லாதே" என்று சொல்வது சுலபம், அந்தக் கோழியின் பத்து மணித் தீனிக்குப் பொறுப்பு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் அம்மா இரண்டு காலும் விளங்காத சேவலை மாதக்கணக்கில் மடியில் வைத்து ஊட்டினார். சேவல் மேல் பாசம்தான். ஆனால் பகல் முழுக்க அது தனியாகக் கிடந்தது, நெஞ்சில் புண் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் முன்கூட்டியே விடுவிப்பது கொடுமை இல்லை. யாரும் குடமுருட்டி அக்காவைக் குற்ற உணர்ச்சிக்குள் தள்ளாதீர்கள்.

உயிர்நேயம்

தள்ளுவது என் நோக்கம் இல்லை. நீங்கள் சொன்னது சரி, என் வீட்டில் பகலில் ஆள் இருக்கிறது. ஆனால் "ஆள் இல்லை" என்பது பல வீடுகளில் முதல் நாளே வந்துவிடுகிறது, பிளாஸ்திரி ஒட்டிக்கூடப் பார்க்காமல். அதைத்தான் எதிர்க்கிறேன். நோஞ்சான் குஞ்சை வரப்பில் வைத்துவிட்டுக் காக்கை எடுத்துப் போகட்டும் என்று விடுகிறார்கள், அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

குடமுருட்டிக் கரை

எல்லாருக்கும் நன்றி. விடையை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். ஐயா சொன்னதுதான். இரண்டு காலிலும் தசைநாண் விலகி, வலதில் எலும்பே வளைந்துவிட்டது, திருத்த முடியாது என்று டாக்டர் தொட்டுக் காட்டி விளக்கினார். அங்கேயே ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டார், சரி என்றேன். மடியில் வைத்திருந்தேன், துடிக்கவில்லை. மாமியாரும் கூட வந்திருந்தார்.

குஞ்சு கொட்டாங்கச்சியில் தின்னப் பழகிவிட்டது. எடை ஏறுகிறது.

ஒரு கேள்வி மட்டும். விடை எங்கே போயிற்று என்று மகள் கேட்கிறாள். வயது ஏழு. மாமியார் "பறந்து போச்சுன்னு சொல்லு" என்கிறார்.

திடல்வீடு

உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. கால் ரொம்ப வலித்தது, டாக்டராலும் சரி செய்ய முடியவில்லை, அதனால் வலி இல்லாமல் இறக்க உதவினோம் என்று. அவள் கோணல் அலகுக் குஞ்சுக்குத் தீனி வைக்கிற பிள்ளை, இது அவளுக்குப் புரியும். பறந்து போனது என்றால் திரும்பி வரும் என்று வாசலில் காத்திருப்பாள். இந்தக் குஞ்சும் ஒரு நாள் "பறந்து" போய்விடுமோ என்ற பயமும் வரும்.

மேலத்தெரு கோழிக்காரர்

நான் முன்பு எழுதியது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டிருந்தால் மன்னிக்கவும். ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. மருந்தகம் எட்டு மைல் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை, கோழியை நாய் கடித்துக் குதறிவிட்டது. அப்போது என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நல்ல கேள்வி. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உண்டு, முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். வர வழியில்லை, கோழி வேதனைப்படுகிறது என்றால், கை பழகிய ஒருவர் கழுத்து மூட்டை ஒரே இழுப்பில் விலக்குவதுதான் வேகமான வழி. தண்டுவடம் அறுந்துவிடும். அதற்குப் பிறகும் இறக்கை அடித்துக்கொள்ளும், அது நரம்பின் துடிப்பு, உணர்வு அல்ல. கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமைக்கக் கூடாது, மூச்சும் நின்றிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உடனே மறுபடி செய்ய வேண்டும். தெரியாதவர் பயந்து பயந்து திருகக் கூடாது. ஊரில் கோழி அறுக்கும் பழக்கம் உள்ளவரைக் கூப்பிடுங்கள், கூரான கத்தியில் அவர் ஒரு நொடியில் முடிப்பது நம் தயக்கத்தைவிடக் கருணையானது. பெருவிடை என்னும் பெரிய வகை நாட்டுச் சேவலுக்குக் கழுத்து வலு அதிகம், அதற்குக் கத்திதான் சரி.

தண்ணீரில் முக்குவது, பையில் கட்டிப் போடுவது, உயிரோடு புதைப்பது, வரப்பில் விடுவது, இவை எதுவும் கூடாது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கோழிக்கும் பொருந்தும்.

புதைப்பதில் கவனம் வேண்டும். நமக்கு நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும். அடிபம்புக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேடான திடலில் நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் சாகின்றன என்றால் புதைக்கும் முன்பே மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் இருப்பவர்கள் அங்கே கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அடைக்கோழி

கோணல் அலகுக் குஞ்சு பெரிதாகி முட்டை வைத்தால் அடை வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். முட்டையைச் சாப்பிடுங்கள், அடை வைக்காதீர்கள். எல்லாக் கோணலும் பரம்பரை இல்லை, ஆனால் எது பரம்பரை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே சேவல் வருடக்கணக்கில் தன் குஞ்சுகளோடே சேர்ந்தால் இப்படிப்பட்ட குஞ்சுகள் கூடும். நாங்கள் பக்கத்து ஊர்க்காரர்களோடு சேவலை மாற்றிக்கொள்கிறோம், காசு செலவே இல்லை. விசிறி உள்ள தெர்மாகோல் பெட்டிப் பொரிப்பான் வைத்திருப்பவர்கள் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள், பழைய முட்டை வைக்காதீர்கள்.

அலையாத்திக்காரன்

முத்துப்பேட்டையிலிருந்து. நாலு மாதச் சேவல், ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கிடக்கிறது. அடிபடவில்லை. தின்கிறது, தலை தெளிவாக இருக்கிறது. இன்னொரு விடையும் இன்றைக்கு நொண்டுகிறது. இதுவும் சத்துக் குறைவா? பிளாஸ்திரி கட்டட்டுமா?

தவிட்டு மூட்டை

பி காம்ப்ளெக்ஸ் கொடுத்துப் பாருங்கள் தம்பி, நஷ்டமில்லை. ஆனால் நாலு மாத வயதில், அதுவும் அடுத்தடுத்து இரண்டு கோழி என்றால் எனக்கும் இது வேறாகத்தான் படுகிறது. ஐயா சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

கட்ட வேண்டாம் தம்பி. அந்த வயதில், அந்த நிலையில் கால் நீட்டிக் கிடந்தால் மேரெக் நோய் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நரம்பைத் தாக்கும் வைரஸ். மருந்து கிடையாது. தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட வேண்டும், இப்போது போட்டுப் பயனில்லை. மனிதருக்கு வராது, ஆனால் இறகுப் பொடியில் கலந்து கூடு முழுக்கப் பரவும், தூசியில் மாதக்கணக்கில் கிடக்கும்.

இங்கே முடிவு அந்த ஒரு கோழியைப் பற்றியது மட்டுமல்ல. இரண்டையும் இன்றே தனியே பிரியுங்கள். சேவலை மருந்தகத்தில் காட்டி உறுதி செய்யுங்கள். மேரெக்தான் என்றால் வைத்திருக்காதீர்கள், அது மெல்ல மெல்லப் பட்டினியில்தான் முடியும். கூட்டில் உள்ள உமி, வைக்கோலை எல்லாம் வாரி எரித்து, தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். வெளியிலிருந்து குஞ்சு எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். பிறகு வாங்கும்போது மேரெக் ஊசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோய்க்கு வீட்டுக்கோழிகளுக்கு இலவச ஊசி பிப்ரவரி மாத இருவார முகாமில் போடுகிறார்கள். கழிச்சல் வந்து பிழைத்த கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு நிற்கும், அதையும் பலர் ஊனம் என்று நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட கோழியை அரையிருட்டான அமைதியான இடத்தில் வைத்து ஊட்டினால் சில வாரத்தில் தேறுவது உண்டு, அவசரப்பட வேண்டாம், ஆனால் மற்றவற்றிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். உங்கள் சேவலுக்குத் தலை தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள், அதனால் இது அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். நாளை காலையிலேயே கொண்டு போங்கள், பெட்டிக்குள் கோணி விரித்து, காற்று போக ஓட்டை போட்டு.